பரோன் என்ற சொல்லும் என் அண்ணனும்

என் அண்ணன் எவ்ரார் எங்கள் பிரபுவின் கோட்டையில் பதினோரு வருஷம் கடிதம் எழுதினான். "ஊர்க் கோயில் சாமியார் வேலை உனக்குத்தான்" என்று பிரபு சொல்லிச் சொல்லியே அவனுக்குத் தலை நரைத்தது.

பழைய சாமியார் செத்ததும் பிரபு ஒரு நிபந்தனை போட்டார். தன் 'பரோன்' பட்டத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று அண்ணன் எழுத வேண்டும். பெந்தெகொஸ்தே திருநாள் விருந்தில் வாசிக்க வேண்டும். பிடித்திருந்தால் கோயில் அவனுக்கு.

அண்ணன் மடத்துக்கு நடந்துபோய் லத்தீன் புத்தகங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினான். அன்று கார்னியே எங்கள் வீட்டில் பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கோட்டைச் சிற்றாலயத்துச் சாமியார். படிக்கிற காலத்தில் அண்ணனோடு ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொண்டவன்.

"என்னடா கிடைச்சுது?"

"வெளிய சொன்னா தலை போயிடும். அந்தக் காலத்துல பரோன்னா போர்வீரனுக்குப் பின்னாடி கூலிக்கு மூட்டை தூக்குறவனாம்."

"அதையா எழுதப் போற?"

"எனக்கென்ன பைத்தியமா? கஷ்டமான வேலைக்கு அசராத பலசாலின்னும் போட்டிருக்கு. அதை எழுதிக்கிறேன்."

இரண்டையும் மெழுகுப் பலகையில் குறித்து வைத்திருந்தான்.

"பலகைய எங்கிட்ட குடு. தேய்ச்சு அழிச்சுட்டு என் பிரசங்கத்துக்கு வச்சுக்கிறேன்" என்றான் கார்னியே. அண்ணன் யோசிக்காமல் கொடுத்துவிட்டான்.

விருந்தில் அண்ணன் 'பலசாலி' என்று வாசித்தபோது பிரபுவுக்கு முகமெல்லாம் பல். உடனே கார்னியே எழுந்து பலகையை அவர் முன்னால் வைத்தான். பலசாலி வரியை மட்டும் தேய்த்திருந்தான். பிரபுவுக்குப் படிக்கத் தெரியாது. கார்னியேதான் மூட்டைதூக்கி வரியைச் சபை கேட்கச் சத்தமாக வாசித்தான்.

"இது உன் கையெழுத்தா?" என்றார் பிரபு.

"ஆமா பிரபு, ஆனா..."

அதற்குமேல் அவனைப் பேச விடவில்லை. பொழுது சாய்வதற்குள் கோட்டையை விட்டுத் துரத்திவிட்டார்கள். இப்போது அண்ணன் துரோவா நகரத்துச் சந்தையில் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதிப் பிழைக்கிறான். கோயில் கார்னியேவுக்குப் போனது.

எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. ஈஸ்டருக்கு முன்னால் சொந்த ஊர்ச் சாமியாரிடம்தான் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் கார்னியேவிடமே அனுமதி கேட்க வேண்டும். போய் முழங்காலிட்டேன்.

"யார் மேலயாவது பகை வச்சிருக்கியா, எர்சாந்த்?"

"உங்க மேலதான் சாமி."

அவன் கண்கூட இமைக்கவில்லை. "மன்னிச்சுட்டேன்னு சொல்லு. இல்லன்னா நற்கருணை கிடையாது."

எனக்குப் பின்னால் ஊரே வரிசையில் நின்றது. ஈஸ்டரன்று எனக்கு மட்டும் நற்கருணை அப்பம் கிடைக்காவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"மன்னிச்சுட்டேன்" என்றேன்.

பொய். அடுத்த ஈஸ்டருக்கு இந்தப் பொய்யையும் அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும்.