மூடி வைத்த வரி

அப்பா தையல் மெஷின் பழுது பார்ப்பவர். அறுபதைத் தாண்டிய பிறகு, கடைக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும், அதைத் தானே எழுத வேண்டும் என்று கிளம்பினார். எந்த மொழியில் எழுதுவது? கடைக்கு வருகிறவர்களில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவரையும் அவர் விடவில்லை.

"உங்களுக்கு எது தெரியும்? எதைக் கத்துக்கச் சொல்வீங்க?"

"வீட்டுல பேசுற மொழியே உங்களுக்கு ஒழுங்கா வரல. இதுல இன்னொண்ணு வேற," என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்தது சி என்கிற கம்ப்யூட்டர் மொழி. அதில்தான் என் சோறு. ஆனால் நான் பைத்தான் கற்கச் சொன்னேன். அக்கா கணவர் ஜாவாக்காரர். அவரோ, பேரில் மட்டும் ஒட்டுள்ள வேறு மொழியான ஜாவாஸ்கிரிப்ட்தான் என்று அடித்துச் சொன்னார். அப்பா விடவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுற கடையைச் சொல்லுங்க. அடுத்தவன் சாப்பிடுற கடையைச் சொன்னா எப்படி?"

கடைசியில் அப்பா பிடித்தது எச்டிஎம்எல். அது நிரல் மொழியே இல்லை, திரையில் எதை எங்கே காட்டுவது என்று குறித்து வைக்கத்தான், ஒரு கூட்டல்கூடப் போடாது என்றேன்.

"கடை எங்க இருக்குன்னு சொல்றதுக்குக் கூட்டல் எதுக்கும்மா?"

எழுதி முடித்தார்.

மெஷினைப் பிரிக்கும்போது கழற்றிய திருகைத் தூரப் போட மாட்டார். ஒரு டப்பா மூடியில் போட்டு அருகிலேயே வைத்துக்கொள்வார். இணையப் பக்கத்தின் கோப்பிலும் அதே பழக்கம். எந்த வரியையும் அழித்ததில்லை. வேண்டாத வரிக்கு முன்னும் பின்னும் குறி போட்டு மூடிவிடுவார். வரி கோப்பில் இருக்கும், திரையில் தெரியாது. பழைய கூலி, பழைய நேரம், மாடியில் இருந்த பழைய கடைக்கு வழி, எல்லாம் உள்ளே கிடந்தன. குப்பை என்று நான் அலுத்துக்கொள்வேன்.

போன மாதம் அப்பா போய்விட்டார். மாரடைப்பு.

கடையை இப்போது சித்தப்பா பார்க்கிறார். இணையப் பக்கத்தில் இருந்ததோ அப்பாவின் எண். அந்த போன் அம்மாவிடம். கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் அவர் இல்லை என்று அவள்தான் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் இருந்து கேட்க எனக்குத் தாளவில்லை. அந்த வரியை மூடிவிட்டு, கீழே சித்தப்பாவின் எண்ணைப் போட்டேன். அழிக்கக் கை வரவில்லை.

சில நாள் கழித்து அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கெட்டுப்போச்சா பாருடி. ஒருத்தரும் கூப்பிடல."

செய்ததைச் சொன்னேன்.

"உன்னை யாரு கேட்டா?"

"நீ ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லி..."

"நான் ஒரு வார்த்தைதான் சொல்றேன். அப்புறம் அவங்கதான் பேசுறாங்க. மெஷின் நின்னுபோய் யூனிஃபார்ம் பாதியில கிடந்துச்சாம், ஒருத்தி சொன்னா. இவரு போய்ச் சரி பண்ணிட்டு அவ வீட்டுலயே சாப்பிட்டுட்டு வந்திருக்காரு. எங்கிட்ட பசியில்லைன்னாரு. நான் அன்னிக்கு சண்டை வேற போட்டேன். இதெல்லாம் எனக்கு வேற யாரு சொல்லுவா?"

கோப்பைத் திறந்து இரண்டு குறிகளையும் எடுத்தேன். அப்பாவின் எண் மேலே வந்தது. சித்தப்பாவுடையது கீழே இருக்கிறது.

சாயங்காலம் போன் அடித்தது. அம்மா அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.