இருபது விநாடி

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்கு 'செகண்டு' என்று பேர். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும்.

"கல்யாணத்தன்னைக்கும் இதைத்தான் மாட்டிக்கிட்டுப் போனியா?" என்பார்கள்.

"ஆமா. ஒன்றரை வருஷம் காட்டுச்சு. அப்புறம் அவ போயிட்டா" என்பான், சிரிக்காமல்.

வாட்ச் உண்மையில் தங்கைக்காக. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் சீட்டு எழுதுகிறவள். முப்பத்தெட்டு வயது. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இருந்தார்கள். அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் மூச்சடக்கும் போட்டி.

அதில் பல வகை. கயிற்றோடு ஆழத்தில் இறங்கி, அடியில் இருக்கும் தட்டிலிருந்து ஒரு சீட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவது ஒன்று. இளவயதில் அவன் அதைச் செய்தான். ஒருநாள் இடது செவிப்பறை கிழிந்தது. அந்தக் காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். நீச்சல் குளத்தில் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பது இன்னொன்று. அவளுடையது மூன்றாவது. குப்புற மிதந்தபடி அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போவார்கள்.

கிடப்பவளுக்கு நேரம் தெரியாது. பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவன் சொல்ல வேண்டும். நான்கு நிமிடத்துக்குப் பிறகு அவன் அடிக்கடி அவள் தோளை அழுத்துவான். அவள் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். விரல் எழுந்தால் நினைவு இருக்கிறது. எழாவிட்டால் உடனே புரட்டிப் போட வேண்டும். தலையைத் தூக்கிய பிறகும் போட்டி முடியாது. மூக்குப் பிடிப்பைக் கழற்றி, கையால் சைகை காட்டி, 'நான் நல்லா இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். எல்லாம் பதினைந்து விநாடிக்குள். சரியாக இருந்தால் நடுவர் வெள்ளை அட்டை காட்டுவார். பிசகினால் சிவப்பு.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பயிற்சியில் ஆறு நிமிடத்தை ஒட்டி அவள் தலையைத் தூக்கியதும் தாடை வெட்டி வெட்டி இழுத்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. நாலைந்து விநாடிதான். பிறகு அவளே சிரித்தாள்.

"என்ன அண்ணே, லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?"

அவன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பொய் சொல்ல ஆரம்பித்தான். ஐந்து நாற்பது ஆகும்போது 'ஆறு' என்றான். அவள் ஆறு நிமிடம் ஆனதாக நினைத்து எழுந்துவிடுவாள். இருபது விநாடி முன்னதாக எழுந்தால் தாடை இழுக்காது. இதில் தப்பு இருப்பதாக அவனுக்குப் படவில்லை.

பிறகு தேர்வு வந்தது. அணியில் ஓர் இடம் காலி. ஆறு நிமிடம் தாண்டினால் அவளுக்கு. அடுத்த தேர்வு மூன்று வருடம் கழித்து.

அன்று காலை அவன் பல் தேய்த்தபடியே நின்றுவிட்டான். இன்றும் பொய் சொன்னால் அவள் ஐந்து நாற்பதில் எழுந்துவிடுவாள். இடம் போய்விடும். உண்மையைச் சொன்னால் அவள் அதுவரை போகாத இடத்துக்குப் போக வேண்டும். நுரை தாடையில் வழிந்து காயத் தொடங்கியது. இன்றைக்கு உண்மை என்று முடிவு செய்தான்.

குளத்தில் அவள் முகத்தைக் கவிழ்த்தாள். நடுவர் கரையில் குந்தியிருந்தார். நான்கு. ஐந்து. மூச்சு கேட்டு அவள் வயிறு எக்கத் தொடங்கியது. ஐந்தரை. அழுத்தினான், விரல் எழுந்தது. ஐந்து ஐம்பது. விரல்.

"ஆறு" என்றான், அவள் காதருகில் குனிந்து. "ஆறு ஆயிடுச்சு. வா."

அவள் வரவில்லை. அழுத்தினான். விரல் எழுந்தது.

"ஆறு அஞ்சு. போதும்டி, எந்திரி."

விரல்.

"ஆறு பத்து. சத்தியமா ஆறு பத்து!"

விரல் எழுந்தது, மெதுவாக. நினைவு இருக்கும்போது புரட்டினால் தோற்கடித்தது அவன் என்றாகும். கையை எடுக்காமல் நின்றான். ஆறு பதினாறில் அழுத்தினான். எழவில்லை.

புரட்டினான். உதடு நீலம். பெயர் சொல்லிக் கத்தி, கன்னத்தில் தட்டி, கண்ணில் ஊதினான். நடுவர் தண்ணீரில் குதித்தார். அவன் கணக்கில் அது ஒன்பது விநாடி.

அவள் நெஞ்சு தூக்கிப்போட்டது. அவள் கண் திறந்தாள். மூக்குப் பிடிப்பைத் தேடினாள். அது ஏற்கெனவே தண்ணீரில் விழுந்திருந்தது. வெறும் மூக்கை இழுத்தாள். சைகை காட்டினாள்.

"நான் நல்லா இருக்கேன்" என்றாள், நடுவரைப் பார்த்து. வரிசை பிசகவில்லை. பிறகு இவனிடம் திரும்பினாள். "வெள்ளைதானே?"

நடுவர் சிவப்பைக் காட்டினார்.

குளத்து முதலுதவி அறையில் மருத்துவர் அவள் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு வெளியே போன பிறகுதான் அவள் பேசினாள்.

"முந்தாநாள் குளத்துக் காவலாளி போன்ல எடுத்த வீடியோவைக் காட்டினார். நீ ஆறுன்னு சொல்ற. நான் கவிழ்ந்ததிலிருந்து ஓரத்துல ஓடுற நேரம் அஞ்சு நாப்பது."

அவன் துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ பதறுவ. பதறினா உன் கை நடுங்கும். அந்தக் கைதான் என் தோள்மேல இருக்கும். அதான், நீ ஆறுன்னதும் மேல இருபது எண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். கடைசியில எங்க எண்ணினேன், எப்படி எண்ணினேன்னே தெரியல."

"பயத்துலதான்டி அப்படிச் செஞ்சேன்."

"தெரியும்."

"இனிமே சத்தியமா உண்மையத்தான் சொல்வேன்."

"இன்னைக்கும் உண்மையத்தானே சொன்ன."

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவள் தட்டையும் அவனே கழுவினான். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை என்று பட்டது. அவள் சண்டை போடவில்லை. உப்புக் கேட்டாள், விளக்கை அணைக்கச் சொன்னாள். மறுவாரம் குளத்துக்குக் கிளம்பும்போது அவனைக் கூப்பிடவில்லை. ஷூவைக் கட்டியபடி உட்கார்ந்திருந்த அவன், கட்டி முடித்ததும் அவிழ்த்துவிட்டான்.

இப்போது குளத்துச் சீட்டுக் கவுன்டரில் இருக்கும் பெண்தான் அவள் பக்கத்தில் நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நீச்சல் தெரியும், மூச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாட்சில் இருப்பதை அப்படியே வாசிக்கிறாளாம். காவலாளி சொன்னார்.

சிறிய போட்டி ஒன்றின் முடிவை வாசல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் அவன் இறங்கிப் பார்த்தான். அவள் பெயருக்கு நேரே நான்கு நிமிடம் ஐம்பத்தைந்து. இன்னொரு தடவை பார்த்தான். வாட்சைச் சரியாக வாசிக்க ஆள் இருந்தும், அவ்வளவு சீக்கிரம் அவள் எழுந்து அவன் பார்த்ததே இல்லை.