பாலம் ஏறாத பன் வண்டி

சூடான பன் வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கு அதுதான் இருபத்து மூன்று வயதின் வாசனை…

அத்தா சவுதிக்குப் போனதும் பாபநாசத்தில் எங்கள் பேக்கரி என் தலையில் வந்து விழுந்தது. கூடவே ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டியும், அதைப் பத்து வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த கலியமூர்த்தி அண்ணனும். வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. டேங்க்குக்குள் மூங்கில் குச்சியை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அண்ணனின் மீட்டர்.

விடிகாலையில் கிளம்பினால் திருக்கருகாவூர், மெலட்டூர், சாலியமங்கலம் என்று ஒவ்வொரு டீக்கடையாகப் பன் போட்டுக்கொண்டு போவார். முதல் டீ ஆற்றுவதற்குள் பன் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கடைக்காரர் வேறு பேக்கரி பன்னை வாங்கித் தொங்கவிட்டுவிடுவார்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து சில நாட்களில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்… திடீரென்று இழுவை குறையும். நம் பக்கம் எல்லாம் சமதரை, ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம் மட்டும்தான். அந்தப் பாலத்தில் பாதி ஏறியதும் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு வாங்கும். ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பிளக் மாற்றினார். பெட்ரோல் பம்ப்பைப் பிரித்து மாட்டினார். ஷெட்டில் நன்றாக உறுமும், லைனில் போனால் பழைய கதைதான். கடைசியில் டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் புது பெட்ரோல் ஊற்றி மேலே கட்டித் தொங்கவிட்டு, சாலியமங்கலம் வரை போய் வந்தார். எங்கேயும் திணறவில்லை.

"வண்டில ஒண்ணுமில்ல பாய். ஒங்க டேங்க்குல இருக்குற பெட்ரோல்லதான் ஏதோ கோளாறு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மண்ணெண்ண கலந்தா இப்டித்தான் இழுக்காது…"

அதே வாரம் மெலட்டூர் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்டார். "ஒங்க டிரைவரு அடிக்கடி வண்டிய ஓரங்கட்டி டேங்க்கத் தொறக்குறாரே, என்னா விஷயம்?"

போதாதா எனக்கு? பெட்ரோலை உருவிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார் என்று நானே முடிவு கட்டினேன். நேராகக் கேட்கத் தைரியமில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் அய்யம்பேட்டையில் வேறு ஒரு டிரைவரைப் பிடித்து, "திங்கக்கெழமலேர்ந்து வந்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று திட்டம். நானே பங்க்கில் நின்று டேங்க்கை நிரப்பி, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

வெட்டாற்றுப் பாலம். பாதி ஏற்றம். வண்டி திணறி நின்றது… நான் நிரப்பிய பெட்ரோலில், என் கண் முன்னாலேயே!

அண்ணன் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நான் பாக்குறேண்ணே" என்று முந்திக்கொண்டேன். மூடி லேசில் வரவில்லை. உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பது போல இருந்தது. பலம் கொடுத்துத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி முனை அளவு ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் என்ஜினுக்கு வராது. குச்சி விட அண்ணன் மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது, வண்டியும் ஓடியிருக்கிறது. கேனில் ஓட்டிப் பார்த்தபோது இந்த மூடிக்கு வேலையே இல்லை.

மூடியை வெளிச்சத்தில் பார்த்தேன். ஓட்டையின் மேல் கெட்டியாகக் காய்ந்து கிடந்தது ஒரு சந்தனப் பொட்டு.

நான் வைத்த பொட்டு.

ஆயுத பூஜை அன்று அண்ணன் வண்டியைக் கழுவி, சக்கரம், ஸ்டீயரிங், ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "நீங்களும் ஒண்ணு வைங்க தம்பி, ஒங்க வண்டிதானே." தர்காவில் கந்தூரிச் சந்தனம் பூசி வளர்ந்தவன்தானே நான்… ஆசையாக வழித்து, காலியாகத் தெரிந்த பெட்ரோல் மூடியில் தாராளமாக அப்பிவிட்டேன்.

பாலத்தில் மூடியை அவரிடம் காட்டிக் கேட்டேன். "மத்ததெல்லாம் கழுவிட்டீங்களே, இத மட்டும் ஏண்ணே விட்டீங்க?"

"மொதமொதல்ல ஒங்க கையால வச்சதுங்க தம்பி. அழிக்க மனசு வரல."

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். ஓட்டையை நோண்டித் திறந்தேன். வண்டி பாலத்தை ஏறி இறங்கி, மெலட்டூர் வரை ஒரு திணறலும் இல்லாமல் போனது. டீக்கடையில் பன்னைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அய்யம்பேட்ட ஆளுக்கு வர வேணாம்னு சொல்லி அனுப்பிருங்க தம்பி. பாவம், நம்பிக்கிட்டு இருப்பாரு."

எல்லாம் தெரிந்திருக்கிறது… தெரிந்தும் அன்று விடிகாலை வழக்கம்போல வந்து வண்டியை எடுத்திருக்கிறார். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "பன்னு ஆறிப்போவுது தம்பி" என்று கியரைப் போட்டார்.

இப்போது மூன்று வண்டிகள் ஓடுகின்றன. ஏதாவது மக்கர் என்றால் ஒயரை மாட்டி, திரையைப் பார்த்து, எந்தப் பாகம் என்று சொல்லிவிடுகிறார்கள். யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

கலியமூர்த்தி அண்ணன் வேலையை விட்டு ஓய்வாக இருக்கிறார். ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் வந்து, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டுவார். நான் விரலை விட்டதும் எல்லோரும் கேட்கும்படி சொல்வார், "மூடிய விட்டுட்டு எங்க வேணாலும் வைங்க தம்பி!"

இந்த வருடமும் சொன்னார். சிரித்துக்கொண்டே கண்ணாடி ஓரமாக ஒரு பொட்டு வைத்தேன். கிளம்பும்போது புது டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கழுவி நிறுத்திய வண்டியில் அந்த ஒரு பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.