சித்தப்பாவுக்கு நூறு ஆயுசு

ஆயுள் என்றால் வாழ்நாளின் அளவு என்கிறது அகராதி. அதை நான் கல்லூரியில்தான் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது ஆயுசு. அது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. சித்தி அதைச் சாயங்காலந்தோறும் சித்தப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிப்புக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, மெத்தைக் கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பாள். சித்தப்பாவுக்குப் பஸ் டிப்போவில் டயர் மாட்டும் வேலை. இதயம் பலவீனமாக இருக்கிறது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"டயர்கிட்டப் போயி, கொஞ்சம் வெயிட்டைக் கொறச்சுக்கோன்னு சொல்லவா?" என்று சித்தப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது.

அவருடைய சைக்கிளில் செயின் கவர் நெளிந்திருந்தது. மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதில் இடித்து 'டக், டக்' என்று கேட்கும். தெருமுனையில் அந்தச் சத்தம் வந்ததும் சித்தி மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாள்.

"எங்கடி இந்த மனுஷனை இன்னும் காணோம்?" என்று என்னிடம் பேச்செடுப்பாள். வாசலில் அவர் காலை ஊன்றியதும், "உங்களுக்கு நூறு ஆயுசு! இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசினேன்" என்பாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து நின்றால் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அது தற்செயலாக நடக்க வேண்டும். சித்தி தற்செயலை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

"சத்தம் கேட்டப்புறம் பேசறது கள்ளாட்டம் இல்லையா சித்தி?" என்று கேட்டேன்.

"கள்ளாட்டந்தான். நான் என்ன உன்ன மாதிரிப் பரீட்சையா எழுதறேன்? வாயை மூடிக்கிட்டு ஊசில நூலைக் கோரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின் கவரைத் தட்டி நிமிர்த்தச் சித்தப்பா சுத்தியலோடு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தி ஓடிவந்து பிடுங்கினாள்.

"டிப்போவே சிரிக்குதுடி."

"சிரிக்கட்டும். அவங்க பல்லுதானே வெளிய தெரியுது."

அவருக்கு விஷயம் தெரியுமா? தெரியும் என்றே நினைக்கிறேன். எங்கள் தெரு முனையிலிருந்து வீடுவரை சரிவு. எல்லோரும் மிதிக்காமல் இறங்கி வருவார்கள். அவர் மட்டும் வாசல்வரை மிதித்துக்கொண்டே வருவார்.

அந்தச் சத்தம் கடைசியாகக் கேட்ட நாளில், வழக்கத்தைவிடச் சீக்கிரமே கேட்டது. வேகமாகவும் கேட்டது. சித்தியின் கால் நின்றது.

"உங்க சித்தப்பாவுக்கு இன்னிக்கு என்னடி அவசரம்? சொல்லி வாய மூடல, வந்துட்டாரு பாரு" என்று எழுந்து கதவைத் திறந்தாள். "உங்களுக்கு நூறு..."

சித்தப்பாவின் சைக்கிளிலிருந்து இறங்கியவர் அவரோடு வேலை செய்யும் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ்.

"அண்ணி, அண்ணன் மயங்கி விழுந்துட்டாரு. வேன்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்." ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழியிலேயே போயிட்டாரு அண்ணி."

சித்தி அழவில்லை. "எப்போ?" என்றாள்.

"மத்தியானம்."

"அப்போ நான் பேசும்போது அவரு இல்லையா?"

வந்தவருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபின் சித்தியைப் பார்க்க வந்தேன். சைக்கிள் இன்னும் சுவரோரம்தான் நின்றிருந்தது, அதே நெளிந்த கவரோடு. பக்கத்து வீட்டுக்காரம்மா என்னிடம் சித்தி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தைத்த உறைகளைக் கடையில் போட்டுவிட்டுச் சித்தி திரும்பி வந்தாள்.

"உனக்கு நூறு ஆயுசும்மா! இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசினோம்" என்றார் அந்த அம்மா.

சித்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அதைத் திருப்பி எடுத்துக்கோங்கக்கா" என்றாள். "அவ்வளவையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"