ஒன்பது ஆறுக்கு வந்த பஸ்

வினிதாவுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த அளவுக்குக் காலையில் எழுந்திருக்கத் தெரியாது. மைசூரில் தங்கி, நஞ்சன்கூட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனி ஆபீஸில் ரிப்போர்ட் எடுக்கும் வேலை. தினமும் கம்பெனி பஸ் வந்து நின்ற பிறகுதான், ஒரு கையில் செருப்பும் மறு கையில் டிபன் டப்பாவுமாக ஓடி வருவாள். டிரைவர் மல்லப்பனும் அவளைப் போல மார்டள்ளி என்ற தமிழ் ஊர்க்காரர். நாலு நிமிடமானாலும் நிறுத்தி வைப்பார்.

"மெதுவா வா அம்மிணி, உழுந்து வெச்சராத!"

ஆபீஸ் ஒன்பது மணிக்கு. ஒன்பது ஐந்து வரை பொறுத்துக்கொள்வார்கள். கேட்டில் உள்ள மெஷினில் விரல் வைத்த நேரத்தை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் காட்டும் க்வெரி என்ற கட்டளையை மே மாதம் எழுதியவளே வினிதாதான். அந்த மாதம் பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் 9:05 என்று காட்டியது. ஒரே பஸ்ஸில் இறங்குகிறவர்கள்தானே என்று யாரும் கவலைப்படவில்லை. ஜூன் பிறந்ததும் எல்லோருக்கும் 9:06.

மேனேஜர் மனோஜ்குமார் தாம்தூம் என்று குதித்தார். "டெய்லி லேட்! திங்கட்கிழமையிலிருந்து வேற டிரைவர்."

மல்லப்பன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. "டிராஃபிக்குங்க சார்" என்று தலையைச் சொறிந்தார். தன் தூக்கத்தால் ஒரு நல்ல மனுஷன் பிழைப்பு போகிறதே என்று வினிதாவுக்கு அன்று சோறே இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்கே ஸ்டாப்பில் நின்றாள். எட்டேகாலுக்கு வந்த மல்லப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னைக்குப் பொழுது மேக்காலயா கெளம்புச்சு?"

கேட்டில் விரல் வைத்தபோது மணி எட்டு ஐம்பத்தெட்டு. நிம்மதியாகப் போய் ரிப்போர்ட்டைத் திறந்தாள். 8:06 என்று இருந்தது.

எட்டு ஆறா? அப்போது அவள் மைசூர் ஸ்டாப்பில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள்!

க்வெரியைத் திறந்து பார்த்தாள். நிமிடத்துக்கு 'எம்ஐ' என்று போட வேண்டிய இடத்தில் 'எம்எம்' என்று போட்டிருந்தாள். டேட்டாபேஸுக்கு எம்எம் என்றால் மாதம். மே ஐந்து, ஜூன் ஆறு. இப்படியே விட்டிருந்தால் டிசம்பரில் மல்லப்பன் பாவம், பன்னிரண்டு நிமிடம் லேட்டாகியிருப்பார்.

எழுத்தைத் திருத்தியதும் ஜூனில் முந்தின நாள் வரை 9:02, அன்று 8:58 என்று வந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

"தப்பு பஸ்ல இல்ல சார், என் க்வெரில."

"நல்ல வேலை பண்ணினே போ! மல்லப்பாவே ஓட்டட்டும்" என்று அவரும் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் கதையைக் கேட்ட மல்லப்பன் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார்.

"ஒத்தை எழுத்து என் சீட்டைக் கிழிக்கப் பாத்துதாக்கும்! ஆனா அம்மிணி, இனிமே ரிப்போர்ட்ல நெசமான நிமிசம் தெரியுமல்லோ?"

"தெரியும்ண்ணா. இனிமே நேரத்தோட வந்துர்றேன்."

திங்கட்கிழமை வினிதா கையில் செருப்போடு ஓடி வந்தாள். பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அன்றைய ரிப்போர்ட்டில் எல்லோருக்கும் 9:02. அந்த இரண்டு நிமிடம் யாருக்காக என்று ரிப்போர்ட்டில் இல்லை. வினிதாவுக்குத் தெரியும்.