தாழ்ப்பாளுக்கு உள்ளே இருந்த கார் சாவி

"காலை தியானம். நடுவில் கதவு தட்டும் சத்தம். கேட்டபடியே விட்டேன். எழவில்லை, எரிச்சலும் இல்லை. நல்ல முன்னேற்றம்."

போன வருடம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம், ஒரு வியாழக்கிழமை நான் டைரியில் எழுதிய குறிப்பு இது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த சம்பவம். பார்த்ததையும் கேட்டதையும் சரிபார்த்து, நாள், கிழமையோடு எழுதிவைப்பது என் பல வருடப் பழக்கம். எழுதியதை எடுத்துப் படிப்பதில் ஒரு பெருமையும் உண்டு. இந்த ஒரு குறிப்பைப் படிக்கும்போது மட்டும் முகம் சூடாகிவிடுகிறது.

எனக்குக் கிண்டியில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் தாம்பரம் ஸ்டேஷன் கூட்டம், அலுவலகத்தில் மேலிடத்து நெருக்கடி, திரும்பி வந்தால் வீட்டுக் கடன் யோசனை. இப்படியே போய் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், தினமும் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரப் பழகுங்கள் என்றார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மண்டபத்து மாடியில் ஞாயிறுதோறும் நடந்த தியான வகுப்பில் சேர்ந்தேன். மூச்சைக் கவனியுங்கள், வெளியே சத்தம் வந்தால் வரட்டும், அதன் பின்னால் போகாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார் பயிற்சி தருபவர்.

பலன் இருந்தது, அதை மறைக்கவில்லை. தூக்கம் வந்தது. அலுவலகத்தில் குரலை உயர்த்துவது குறைந்தது. ஆனால் நான் உட்காரும் நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது. மகள் கொலுசைக் கழற்றிவைத்துவிட்டு நடப்பாள். படுக்கையறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு நான் நிம்மதியாக மூச்சு விட, வெளியே இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே எங்கள் கார் நிறுத்தும் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தரைத்தளத்தில் இடம் குறைவு என்பதால் ஒரு வரிசையில் இரண்டு கார்கள், ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். உள்ளே இருப்பது கீழ்வீட்டு டீச்சருடையது. வாசல் பக்கம் நிற்பது என்னுடையது. நான் நகர்த்தினால்தான் அவர் கார் வெளியே வரும். அதனால் வாசல் பக்கத்துக் கார்களின் மாற்றுச் சாவி வாட்ச்மேன் அறை ஆணியில் தொங்க வேண்டும் என்பது குடியிருப்பின் ஏற்பாடு. ஒருமுறை என் கார்க் கதவில் கீறல் விழுந்தது. யார் செய்தது என்று தெரியவில்லை. அந்தக் கோபத்தில் சாவியைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். அன்றிலிருந்து டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

அந்த வியாழக்கிழமை நான் கண்ணை மூடி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அறைக்கதவைத் தட்டினாள் மகள். "அப்பா" என்றாள், மெதுவாக. பிறகு மனைவியின் குரல். "என்னங்க, கார் சாவி." அவ்வளவுதான் காதில் விழுந்தது. டீச்சர் இன்று சீக்கிரம் கிளம்புகிறார் போலிருக்கிறது, காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததையும் வகுப்பில் சொன்னபடி அமைதியாகக் கடந்துபோக விட்டேன். மறுபடி தட்டினார்கள். அதையும் விட்டேன். பிறகு சத்தமே இல்லை. நிதானமாக முடித்து, டைரியில் அந்தக் குறிப்பை எழுதிவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

மனைவி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சரோட அப்பாவுக்கு வாய் கோணிப் போச்சுங்க. பேச்சு வரல. சாவி இதோ வந்துடும், இதோ வந்துடும்னு அவரைக் காருக்குள்ள உக்கார வெச்சுட்டு நிக்கிறாங்க. கடைசியில வாட்ச்மேன் மெயின் ரோடு வரைக்கும் ஓடி ஆட்டோ புடிச்சிட்டு வந்தாரு. நாங்க தட்டினது கேக்கவே இல்லியா உங்களுக்கு?"

"கேக்கல" என்றேன்.

கார் சாவி, மாற்றுச் சாவி இரண்டுமே அறைக்குள், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன.

சாயந்திரம் மருத்துவமனைக்குப் போனேன். பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, வலது கைதான் சரியாக வரவில்லை. டீச்சர் கத்துவார், கத்தினால் நல்லது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க தியானத்துல இருந்தீங்கன்னு அக்கா சொன்னாங்க சார். பரவால்ல, ஆட்டோ கெடச்சிடுச்சு. எனக்கெல்லாம் ஜெபம் பண்ணும்போதே மனசு நாலு பக்கம் ஓடுது. நீங்க எப்படி அசையாம உக்கார்றீங்கன்னு ஒரு நாள் சொல்லிக் குடுங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பயிற்சி தருபவரைத் தனியாகப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். என் மேல் தப்பில்லை என்று அவராவது சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசை. "நான் தெருவுல நாய் குரைக்கிறதப் பத்திச் சொன்னேன் சார். பெத்த பொண்ணு கூப்பிடுறதையும் அதுல சேத்துட்டீங்களே" என்றார்.

அன்று தட்டியது கேட்டது என்று அன்றிரவு மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க திறந்து வெளிய வந்தப்ப உங்க மூஞ்சியில சந்தோஷம் இருந்துச்சு." டீச்சரிடம் சொல்லும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

தியானத்தை நான் விடவில்லை. இப்போது கதவைத் தாழிடுவதில்லை. குக்கர் விசில் அடிக்கும், மகள் கொலுசோடு குறுக்கே போவாள், அதற்கு நடுவில் உட்காருகிறேன். மாற்றுச் சாவியை வாட்ச்மேன் அறை ஆணியிலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டேன். டீச்சரின் அப்பா குச்சி ஊன்றி நடக்கிறார். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் வைப்பார். இப்போது குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் வைக்கிறார். வேண்டாம் ஐயா என்றாலும் கேட்பதில்லை.

பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று பிறகு படித்தேன். அன்று நான் எழுந்து சாவியைக் கொடுத்திருந்தால் அந்தக் கை பிழைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய டாக்டர் யார் என்று தெரியும், அவர் அறைக்கு வெளியே ஒருமுறை உட்கார்ந்துவிட்டு என் முறை வருவதற்குள் எழுந்து வந்தும் இருக்கிறேன். சரிபார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று சொல்லித் திரிந்தவன், இந்த ஒன்றை மட்டும் சரிபார்க்கப் பயந்து, உறுதி செய்யப்படவில்லை என்றே இங்கே எழுதுகிறேன்.