மாமா போட்ட இரண்டு கணக்கு

என் தாய்மாமன் ஒரு மோசடிக்காரர். புதுக்கோட்டையில் டியூஷன் சென்டர் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், என்னை அந்தக் கணக்கை வைத்தே ஏமாற்றினார். அதுவும் இரண்டு தடவை.

நான் ஏழாவது படித்த வருஷம். குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ஒரு மயிலைக் காளை நின்றது. பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது, தண்ணீர் காட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். வேறு யார் கிட்டே போனாலும் சீறும். தை மாதம் பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டுக்கு அதைக் கொண்டுபோக லோடு வண்டி வந்தது. வாடிவாசலிலிருந்து என் காளை பாய்ந்து வருவதை நான் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். முதல் ஆளாக வண்டியில் ஏறிவிட்டேன்.

மாமா என்னை இறக்கிவிட்டார். சாக்பீஸ் எடுத்துத் தொழுவத்துச் சுவரில் எழுதினார்: 2(x + 3) = 2x + 7.

“இதுல எக்ஸ் என்னன்னு கண்டுபிடி தாயி. கண்டுபிடிச்சுட்டா நீயும் வாரே.”

“நெசமாவா மாமா?”

“மாமா பொய் சொல்லுவனா?”

ஒன்று போட்டேன். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஒன்பது. அட, ஒன்றுதானே குறைகிறது! பத்து போட்டேன். இருபத்தாறு, இருபத்தேழு. நூறு போட்டாலும் அதே ஒன்று. பெரிய எண்ணாகப் போட்டால் அந்த ஒன்று எங்காவது கரைந்துவிடும் என்று லட்சத்துக்குப் போனேன். நடுவில் காளை வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. என்னைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். ஏற்றிவிட்டுத் திரும்பவும் சுவருக்கு வந்தேன். என் புத்தியைப் பாருங்கள்! வண்டி போயே போய்விட்டது.

அடுத்த தைக்கு நான் உஷார்.

“போன வருஷத்தது ரொம்பக் கஷ்டம். ஈசியாக் குடுங்க மாமா.”

தாராளமாக, ஏழு இருந்த இடத்தில் ஆறு போட்டு எழுதினார். ஒன்று போட்டேன். எட்டுக்கு எட்டு! குதித்துக்கொண்டு ஓடினேன்.

“ஒன்னு மட்டுந்தானா? ரெண்டு போட்டுப் பாரு.”

அதுவும் வந்தது. மூன்றும் வந்தது.

“அப்ப எல்லா விடையையும் எழுதிட்டு வா. ஒன்னு விடக் கூடாது.”

எழுதினேன். சுவர் தீர்ந்தது, சாக்பீஸ் தீர்ந்தது, விடை தீரவில்லை. என் தம்பி வண்டியில் நின்றுகொண்டு எனக்கு டாட்டா காட்டினான்.

பிற்பாடு ஒருநாள் வகுப்பில் டீச்சர் சொன்னார். இப்படிப்பட்ட சமன்பாட்டுக்கு ஒரே ஒரு விடை இருக்கலாம், விடையே இல்லாமல் போகலாம், இல்லையென்றால் எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரலாம். நாலாவது வகை கிடையாது. “அடப்பாவி மாமா!” என்று கத்திவிட்டேன். பீரியட் முடிகிற வரை வெளியே நிற்க வைத்தார்கள். நின்றுகொண்டே சிரித்தேன். ஒரே விடை உள்ள கணக்கை மனுஷன் மறந்தும் எனக்குக் கொடுக்கவில்லை!

அதுவரைக்கும் எனக்குக் கணக்கு வராது என்றுதான் நினைத்திருந்தேன். பொம்பளைப் பிள்ளை ஜல்லிக்கட்டுக்கு வரக் கூடாது என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. தம்பிக்கு ஏழாம் வாய்ப்பாடே தடுமாறும். அவனை யாரும் சுவர்ப் பக்கம் அனுப்பவில்லை.

மாமா, வருகிற பொங்கலுக்கு மொத்தக் குடும்பமும் கூடும். நீங்களும் வருவீங்க. எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுங்க. தம்பிக்கு ஏன் கணக்குக் குடுக்கல?